பட்டறை பதில்கள்: குளிரில் வெடித்த புகாட்டி

சென்ற இதழில் இன்ஜின் பிளாக்கில் (சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பிரும்பு உடலில்) விரிசல் விழுவதைப் பற்றி எழுதும்போது, நியூயார்க் குளிரில் பிளாக் வெடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போன ஒரு புகாட்டி ராயல் காரைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழ் அந்தக் காருக்கு. மற்றவர்களின் கார்புரேட்டர் கேள்விகளுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன்.

அவ்வளவு விலை உயர்ந்த காரை இரும்புக் கடையில் போட ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? அது யாருடைய கார்?
– வாசகி, சேலம்

அம்மா, அதன் சொந்தக்காரர் தன் நாட்டையே விட்டுவிட்டு வந்தவர். மனமில்லாமல் கைவிட்ட கதை இது.

எட்டோரே புகாட்டி இத்தாலியில் மிலான் நகரத்தில் பிறந்தவர். 1909-ல், இன்று பிரான்சில் உள்ள அல்சேஸ் பகுதியில் மோல்ஷைம் என்ற சிற்றூரில் தொழிற்சாலை தொடங்கி, பந்தயங்களை வென்று குவித்த கார்களைச் செய்தவர். 1920களில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. உலகத்தின் ராஜாக்களுக்கென்று ஒரு கார் செய்ய வேண்டும். அதற்கு மேல் இன்னொன்று இருக்கக் கூடாது. அதுதான் டைப் 41. ராயல் என்ற பெயர் அப்படி வந்தது. 25 கார்கள் செய்வதாகத் திட்டம். 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. கடைசியில் செய்தவை ஆறு. அந்த ஆறில் வெளியாருக்கு அன்று விற்றவை மூன்றே மூன்று. ஒரு ராஜாவும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் ஓர் ஆடைத் தொழிலதிபர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஓர் ஆங்கிலேய கேப்டன்.

நாம் பேசும் கார் அந்த மருத்துவருடையது. பெயர் யோசஃப் ஃபுக்ஸ், ஜெர்மனிக்காரர். சேஸி (காரின் அடிச்சட்டம்) எண் 41121.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் இத்தகைய கார்களை முழு வண்டியாக யாரும் வாங்கவில்லை. தொழிற்சாலை சேஸியும் இன்ஜினும் கொடுக்கும். பாடியை நீங்கள் விரும்பும் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். கரூரைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கம்பெனியிலிருந்து பஸ் வெறும் சேஸியாக, ஓட்டுநர் வெயிலில் உட்கார்ந்தபடி வந்து சேரும். பாடி கரூரில் ஏறும். அதுபோல் ஃபுக்ஸ் தன் சேஸியை மியூனிக் நகரத்தில் லுட்விக் வைன்பெர்கர் என்பவரின் பட்டறைக்குக் கொடுத்தார். வைன்பெர்கர் அதற்கு மடக்கும் துணிக்கூரை வைத்த திறந்த பாடியைக் கட்டினார். கறுப்பு வண்ணம், மஞ்சள் வரி. 1932 மே மாதம் வண்டி மருத்துவரின் கைக்கு வந்தது. எல்லாம் சேர்த்து விலை 43,000 டாலர் என்பது இன்று அதை வைத்திருக்கும் அருங்காட்சியகம் தரும் கணக்கு.

வண்டி வந்து ஒரு வருடம் முடிவதற்குள் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஃபுக்ஸ் நாட்டை விட்டுக் கிளம்பினார். இத்தாலிக்கும், அங்கிருந்து ஷாங்காய்க்கும், 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்குக்கும் போனார். காரையும் கூடவே கொண்டு போனார். இந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் நின்று யோசிப்பேன். ஊரை விட்டு ஓடுகிறவன் நகையை எடுப்பான், பத்திரங்களை எடுப்பான். இவர் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு காரைக் கப்பலில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டு போயிருக்கிறார். அந்தக் கார் அவருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நியூயார்க்கில் அவரை வென்றது குளிர். ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் இருந்த தண்ணீர் உறைந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்ளிருந்து தள்ளினால் வெடித்துவிடும். நம் ஊரில் பிளாக் வெடிப்பது நேர்மாறான காரணத்தால். தண்ணீர் இல்லாமல் ஓடிக் கொதித்த இன்ஜினில் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். பளீர் என்று கோடு விழும். காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான்.

வெடித்த பிளாக்குக்கு மாற்றுப் பிளாக் அமெரிக்காவில் எங்கே கிடைக்கும்? உலகத்திலேயே ஆறு கார்கள். தொழிற்சாலை கடலுக்கு அப்பால், போர் வெடிக்கக் காத்திருந்த பிரான்சில். ஓட முடியாத அந்தக் கார் நகரத்தின் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் போருக்காகப் பழைய இரும்பை வீடு வீடாகத் திரட்டி உருக்கிய வருடங்கள் அவை. மூன்று டன் உலோகம் உருகாமல் தப்பியதே பெரிய செய்தி.

காப்பாற்றியவர் சார்லஸ் செய்ன். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பியூக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். 1943 வாக்கில் அந்தக் காரைத் தேடிப்போய் வாங்கினார். அன்று அதை இரும்பாகப் பார்க்காத கண் அவருடையது ஒன்றுதான்.

ராயலின் இன்ஜின் அவ்வளவு பெரியதா, ஐயா? எங்கள் ஆசிரியர் 12 லிட்டர் என்றார், நம்ப முடியவில்லை.
– பாலிடெக்னிக் மாணவர், திருச்செங்கோடு

தம்பி, ஆசிரியர் குறைத்தே சொல்லியிருக்கிறார். 12.7 லிட்டர். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 125 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 130 மில்லிமீட்டர், சிலிண்டர் எட்டு. ஒரு சிலிண்டர் மட்டும் ஏறத்தாழ 1,595 சி.சி. வரும். நம் பழைய பெட்ரோல் அம்பாசடரின் இன்ஜின் மொத்தமும் சேர்த்தே 1,489 சி.சி.தான். ஓர் அம்பாசடர் இன்ஜினைவிடப் பெரிய சிலிண்டர்கள் எட்டு வரிசையாக நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4.3 மீட்டர், அந்த இடைவெளியே ஏறத்தாழ ஓர் அம்பாசடரின் முழு நீளம். மொத்த நீளம் 6.4 மீட்டர்.

நீங்கள் பட்டறையில் கை வைக்கப் போகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த இன்ஜினில் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்கும் ஒரே வார்ப்பு. நமக்குப் பழக்கமான வண்டிகளில் ஹெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்து வால்வைத் தேய்த்து உட்கார வைப்போம். அரை நாள் வேலை. ராயலில் கழற்ற ஹெட் என்று தனியாக ஒன்று இல்லை. வால்வு வேலைக்கு இன்ஜினை இறக்கி, கிராங்க் ஷாஃப்ட்டையும் எடுத்து, கீழ்ப்பக்கமாகத்தான் போக வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் ஒழுகும் கவலை கிடையாது, ஆனால் ஒவ்வொரு வால்வு வேலையும் ஓர் அறுவைச் சிகிச்சை. பிளாக் வெடித்தால் ஹெட்டும் சேர்ந்தே போனது என்று பொருள். செய்ன் கையில் எடுத்தது எப்பேர்ப்பட்ட வேலை என்று இதிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

கட்டாமலே விட்ட கார்களுக்கென்று செய்து வைத்த இன்ஜின்கள் என்னவாயின என்றும் கேட்டிருந்தீர்கள். எட்டோரே அவற்றை ரயிலுக்குத் திருப்பினார். 1933 முதல் பிரான்சின் ரயில்பாதையில் இந்த இன்ஜின்கள் இரண்டோ நான்கோ பொருத்திய புகாட்டி ரயில் கார்கள் ஓடின. ராஜாக்கள் ஏறாத இன்ஜினில் ஊர் மக்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பெனியைக் காப்பாற்றியதும் அந்த வேலைதான்.

வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை உண்மையிலேயே சரிசெய்ய முடியுமா? வெல்டிங் பிடிக்காது என்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பிடிக்காது என்பதில்லை. பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். வெல்டிங் சூட்டில் ஓரிடம் விரிந்து சுருங்கும்போது சுற்றியுள்ள இரும்பு இழுபட்டு உடைகிறது. அதனால் பிளாக் முழுவதையும் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, சாம்பலுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைத்து மெல்ல ஆறவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது சூடில்லாத முறை. முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோடு பாதிதான். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். பத்து நிமிடத்தில் விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஈரக்கோடு வரையும். கோட்டின் இரண்டு முனையிலும் சிறு துளை போட வேண்டும். அது விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தும். பிறகு கோடு நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, திருகுகளை ஒன்றையொன்று கடித்தபடி முறுக்கி இறக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் மேலே தட்டி, அரம் போட்டு மட்டமாக்கினால் தண்ணீர் கசியாது. உலோகத்துக்குத் தையல் போடுவது என்றே இதைச் சொல்வார்கள். ஓர் அடி நீள விரிசலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.

செய்ன் அந்தக் காரில் ஒரு கார்புரேட்டரை எடுத்துவிட்டு நான்கு வைத்தார், பிரேக்கை மாற்றினார், வண்ணத்தையும் மாற்றினார் என்று படித்தேன். இது புதுப்பித்தலா, கெடுத்தலா? அருங்காட்சியகம் ஏன் அதைப் பழையபடி மாற்றவில்லை?
– வாசகர், மதுரை

இந்த இதழில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

நீங்கள் படித்தது சரி. போர் முடிந்த பின் 1946, 47-ல் செய்ன் வேலையை முடித்தார். ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதில் புதிய மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) செய்து நான்கு வைத்தார். கம்பி இழுத்து வேலை செய்யும் பிரேக்கை எடுத்துவிட்டு திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தினார். கறுப்பு மஞ்சளாக இருந்த வண்டி சிப்பி வெள்ளையாகவும், ஓரங்களும் துணிக்கூரையும் கரும்பச்சையாகவும் மாறின. அவர் காரை அழகுக்காக நிறுத்தி வைக்க வாங்கவில்லை. ஓட்ட வாங்கினார். மூன்று டன் வண்டியைக் கம்பிப் பிரேக்கில் அமெரிக்கச் சாலையில் ஓட்டுவது எப்படி என்று பொறியாளராக யோசித்து, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தார். எட்டோரேயே கம்பிப் பிரேக்கைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1938-ல் தன் டைப் 57 காரில் ஹைட்ராலிக்குக்கு வந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1950களின் பிற்பகுதியில் செய்னும் அவர் மனைவி எஸ்தரும் காரை மிச்சிகனில் டியர்போர்ன் நகரத்தில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவர் ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர். போட்டிக் கம்பெனியின் பெயர் தாங்கிய இடத்துக்குக் கொடுக்க அவர் தயங்கவில்லை. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அங்கேதான். வண்டி இன்றும் சிப்பி வெள்ளையில், செய்ன் விட்டபடியே இருக்கிறது.

ஏன் மாற்றவில்லை என்பதற்கு என் பதில், என் பட்டறையில் நடந்த ஒன்று.

1984-ல் ஓர் ஆஸ்டின் டென் என்னிடம் வந்தது. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கராக இருந்து காலமானவரின் வண்டி. புதிதாக வாங்கியவர் என்னிடம் கொடுத்து, கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாள் போல ஆக்கித் தரச் சொன்னார். எனக்கு அப்போது முப்பது வயது. கை துறுதுறுவென்று இருந்தது. கம்பெனிப் புத்தகத்தில் இல்லாதது எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். கிளட்ச் பெடல் மேல் ஒரு மரக்கட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டை, அதற்கு ஒரு முரட்டு வெல்டிங். ஏதோ கிராமத்துக் கொல்லன் வேலை என்று நினைத்தேன். கிரைண்டரில் தேய்த்து எடுத்துப் பழைய இரும்போடு எறிந்தேன். பெடல் பளபளவென்று வந்தது.

வண்டி முடிந்த நாளில் பழைய சொந்தக்காரரின் மகள் பார்க்க வந்தார். எல்லோரும் பெயிண்டைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. குனிந்து பெடலையே பார்த்தார். "அந்தக் கட்டை எங்கே?" என்று கேட்டார். அவருடைய அப்பாவுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் குட்டையாகிவிட்டது. அந்தக் கட்டையை வைத்த பிறகுதான் அவரால் வண்டி ஓட்ட முடிந்தது. கட்டையின் மேல்பக்கம் அவர் செருப்பு தேய்த்துக் குழி விழுந்திருந்தது என்று மகள் சொன்னார். அந்தக் குழியை நான் பார்த்தேன். பார்த்தும் எறிந்தேன். பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். லாரி முந்தின நாளே போய்விட்டது.

செய்னின் நான்கு கார்புரேட்டரும் ஹைட்ராலிக் பிரேக்கும் எனக்கு அந்தப் பெடல் கட்டை. அவற்றை எடுத்துவிட்டு 1932-க்குத் திருப்பினால், 41121 என்ற அந்தக் காரைக் காப்பாற்றிய மனிதரையே காரிலிருந்து அழிப்பதாகும். இரும்புக் கடையில் உறைந்து கிடந்த வண்டி ஓடும் வண்டியாக நிற்பது அவரால். கறுப்பு வண்ணம்தான் வைன்பெர்கர் பாடிக்குப் பொருத்தம் என்பது என் சொந்த ரசனை. அதற்காக ஒருவர் கையில் பெயிண்ட் துப்பாக்கியைக் கொடுத்தால் நான் தடுப்பேன்.

இது என் ஒருவனுடைய கருத்து மட்டும் இல்லை. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபீவா, 2012-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றில் சேர்ந்தவை, வேலை செய்வதற்கு முன் அவற்றை மதித்து ஆராய வேண்டும், செய்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எந்த மாற்றத்தையும் தொடவே கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். உயிருக்கு ஆபத்தான பிரேக்கை மாற்றத்தான் வேண்டும், பெட்ரோல் ஒழுகும் குழாயை எடுக்கத்தான் வேண்டும். அந்த ஆஸ்டினுக்குப் பிறகு என் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தகரப் பெட்டி உண்டு. கழற்றிய ஒவ்வொன்றும், உடைந்த போல்ட் கூட, சீட்டுக் கட்டி அதற்குள் போகும். எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி, ஏன். வண்டியோடு பெட்டியும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். வேண்டாம் என்பவர்களுக்கும் கட்டாயமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

மற்ற ஐந்து ராயல்களும் இன்று எங்கே?
– வாசகர், கோவில்பட்டி

ஆறும் இன்று உலகில் இருக்கின்றன என்பதே வியப்பு. 1985 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பெப்பிள் பீச் கண்காட்சியில் ஆறையும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

ஆடைத் தொழிலதிபர் ஆர்மாண்ட் எஸ்டர்ஸ் வாங்கியது இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார். எட்டோரேயின் மகன் ஜீன் வரைந்த பாடி. இரவில் ஓட்டப்போவதில்லை என்று எஸ்டர்ஸ் சொன்னதால் அதற்கு முன்விளக்கே வைக்கவில்லை. பிற்பாடு கைமாறியபோது அந்தப் பாடியை எடுத்துவிட்டு பின்டர் பட்டறையில் மூடிய பாடி ஏற்றினார்கள். அது இப்போது ஃபோக்ஸ்வேகன் குழுமத்திடம் இருக்கிறது. ஜீனின் பாடி போயே போய்விட்டது. எனக்கு ஆறு வண்டிகளில் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

விற்காத மூன்றும் புகாட்டி குடும்பத்திடமே இருந்தன. போர்க்காலத்தில் ஜெர்மன் படை எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க, எர்மெனோன்வில் என்ற ஊரில் இருந்த வீட்டில் வைத்துச் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். 1950-ல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அவற்றில் இரண்டை வாங்கினார். விலையில் ஒரு பகுதியாக, பிரான்சில் அன்று கிடைக்காத ஃபிரிட்ஜ்கள் இரண்டைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த இரண்டில் கெல்னர் பட்டறைப் பாடி ஏறிய கார் 1987-ல் லண்டனில் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைக்கு ஒரு காருக்கு யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

மூன்றாவதும், ஆங்கிலேய கேப்டனின் காரும் பிரான்சில் முல்ஹவுஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்த அருங்காட்சியகத்தின் கதை ஒரு மில் தொழிலாளியின் மகனான என்னை ஆழமாகத் தொடுகிறது. ஃப்ரிட்ஸ், ஹான்ஸ் ஷ்லும்ஃப் என்ற சகோதரர்கள் அங்கே கம்பளி ஆலைகளை நடத்தினார்கள். ஆலை வருமானத்தில் ரகசியமாக நானூறுக்கு மேற்பட்ட கார்களை வாங்கிக் குவித்தார்கள். கம்பளித் தொழில் நலிந்து, ஆட்குறைப்பு வந்தது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977-ல் தொழிலாளர்கள் ஆலைக்குள் புகுந்து கதவைத் திறந்தபோது, வரிசை வரிசையாக விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கார்கள் நின்றன. தங்கள் வேலையைவிட அவை பத்திரமாக இருந்ததை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். தொழிலாளர்கள் அந்த இடத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பொதுமக்களைப் பார்க்க அனுமதித்தார்கள். பிறகு அரசு தலையிட்டது. 1982-ல் அது முறையான அருங்காட்சியகமாகத் திறந்தது. கோயம்புத்தூரில் மில் கதவு சாத்திய நாளை வீட்டுக்குள் பார்த்தவன் நான். அந்தக் கார்கள் யாருடைய உழைப்பு என்று கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் தெரியும்.

ராயலின் ரேடியேட்டர் மூடி மேல் யானை இருக்கிறதாமே? இந்தியாவோடு ஏதாவது தொடர்பா?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தியத் தொடர்பு இல்லை, அம்மா. அது ஒரு தம்பியின் நினைவு. எட்டோரேயின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி விலங்குச் சிற்பி. ஆண்ட்வெர்ப் விலங்குக் காட்சிசாலையில் நாள்கணக்காக நின்று யானைகளையும் சிறுத்தைகளையும் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் பிடித்தவர். 1916-ல், 31 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து அண்ணன் தன் மிகப் பெரிய காரைச் செய்தபோது, தம்பி செய்து வைத்திருந்த யானையை எடுத்து அதன் நெற்றியில் வைத்தார். பின்னங்கால்களில் எழுந்து துதிக்கையை உயர்த்தி நிற்கும் யானை. மிச்சிகனில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டியர்போர்ன் போய்ப் பார்த்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தேடியது பிளாக்கில் விரிசலைச் சரிசெய்த தடத்தை. பானெட் மூடியிருந்தது. யானையை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பூர்வீக வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் 1950களின் மோரிஸ் கார் முப்பது வருடமாக நிற்கிறது. பெயிண்ட் முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடித்து, நம்பர் வாங்கி ஓட்டலாம் என்கிறான் தம்பி மகன். சரியா?
– வாசகர், காரைக்குடி

முதலில் பெயிண்ட் சுரண்டுவதை நிறுத்துங்கள். மிதமான சோப்புத் தண்ணீரால் கழுவி, கண்ணில் படாத ஓரிடத்தில், டிக்கியின் உள் ஓரத்தில், பாலிஷ் போட்டுப் பாருங்கள். முப்பது வருடத் தூசிக்குக் கீழே பழைய பெயிண்ட் உயிரோடு இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். துரு தின்ற இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம்.

பாட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் பலம் கொடுக்காமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். பிரேக் முழுவதையும் பிரித்துப் பார்க்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

பதிவு பற்றி. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாக ஏற்கிறது. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்கெனவே பதிவு இருப்பதால் தாத்தா காலத்து எண்ணையே வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் விண்டேஜ் பதிவு செல்லாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்க்கக் கொண்டு போவது போன்றவற்றுக்கு மட்டும். இன்னொன்று, சேஸி, பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் விண்டேஜ் என்று ஏற்கமாட்டார்கள். டீசல் இன்ஜின் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே கொட்டகைக்குள் போய், எதையும் நகர்த்தாமல், துடைக்காமல், வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் சாக்பீஸ் தேய்த்துப் படியுங்கள். கையுறைப் பெட்டியில் இருக்கும் காகிதங்களைப் பிரிக்காமல் ஓர் உறையில் போடுங்கள். பிறகு ஓட்டுநர் பக்கம் குனிந்து மூன்று பெடலையும் தனித்தனியாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் தாத்தா எப்படி ஓட்டினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதையும் எழுதுங்கள்.